‘பக்க விளைவு இல்லை’ என்று பிள்ளைகளைச் சொல்ல வைக்கிறோம்

எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் அறிவியல் கண்காட்சி நடந்தால் ஒரு மேஜை மூலிகைக்கென்றே ஒதுங்கிவிடும். துளசி, கற்பூரவல்லி, தூதுவளை, ஆடாதோடை, கற்றாழை எல்லாம் தயிர் டப்பாவிலும் ஓட்டை வாளியிலும் வரிசையாக நிற்கும். பின்னால் சுவரில் வண்ணச் சார்ட். முன்னால் மனப்பாடம் செய்த வரிகளோடு நான்கு பிள்ளைகள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு மேஜையில் நித்தியகல்யாணித் தொட்டி இருந்தது. "தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஐந்து இலை மென்று தின்றால் சர்க்கரை நோய் கட்டுப்படும். பக்க விளைவு இல்லை" என்று ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கணீரென்று சொன்னாள். பெற்றோர் கை தட்டினார்கள். ஒரு பாட்டி பத்துப் பதினைந்து இலையைக் கிள்ளி முந்தானையில் முடிந்துகொண்டு போனார். அந்தச் சார்ட்டை எழுதிக் கொடுத்த தாவரவியல் ஆசிரியர் நான்தான்.

அன்று நான் நம்பியதைத்தான் இன்றும் பள்ளி விழாக்களில் பேச வருகிற பெரியவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். மாணவர்கள் மூலிகை மருத்துவத்தை ஊரெல்லாம் பரப்ப வேண்டும். அது நம் பாட்டன் பாட்டி தேடி வைத்த சொத்து. மண்ணில் விளைந்தது, ஆகவே கெடுதல் செய்யாது. கேட்டால் குணம், கேட்காவிட்டாலும் நட்டமில்லை. பேரணி விடுகிறோம், துண்டறிக்கை கொடுக்கிறோம், பிள்ளைகள் கையாலேயே கஷாயம் ஊற்றிக் கொடுக்கிறோம். இந்த எண்ணம் தவறு. எந்த மரபைக் காப்பாற்றப் புறப்பட்டதாகச் சொல்கிறோமோ, அந்த மரபையே இது கெடுக்கிறது. முப்பது ஆண்டுகள் பிள்ளைகளோடு செடி தேடி அலைந்தவன் என்ற முறையில் இதைச் சொல்ல எனக்குக் கடமை இருக்கிறது.

முதலில் ‘பக்க விளைவு இல்லை’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். இது எந்தச் சித்த வைத்தியர் வாயிலிருந்தும் வந்ததில்லை. வந்திருக்கவும் முடியாது. சித்த மருத்துவத்தில் பாதிக்குமேல் எச்சரிக்கைதான். சேராங்கொட்டையைத் தொட்டாலே தோல் கொப்பளித்துவிடும், அதைச் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்க்கக் கூடாது. எட்டிக்கொட்டை, நாபி எல்லாவற்றுக்கும் தனித்தனிச் சுத்திமுறை உண்டு. எந்த மருந்துக்கு எது அனுபானம், தேனிலா, பாலிலா, வெந்நீரிலா, எத்தனை நாள், என்ன பத்தியம், நாடி என்ன, உடம்பு வாதமா பித்தமா என்று பார்த்துத்தான் கை நீளும். பக்க விளைவே இல்லாத மருந்துக்குப் பத்தியம் எதற்கு? சித்த மருத்துவப் பட்டப் படிப்பு ஐந்தரை ஆண்டு. அந்த ஐந்தரை ஆண்டுப் படிப்பை ஒரு சார்ட்டில் நான்கு வரியாகச் சுருக்கி பதின்மூன்று வயதுப் பிள்ளையின் வாயில் வைப்பது மரபுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

நித்தியகல்யாணிக்கே வருகிறேன். அது நம் பாட்டன் பாட்டி சொத்து என்பதே தவறு. மடகாஸ்கர் தீவில் தோன்றிய செடி, கப்பலேறி உலகமெங்கும் போனது. நம்மூரில் சுடுகாட்டு ஓரங்களில் தானாக மண்டியதால் சுடுகாட்டு மல்லி என்ற பெயரும் அதற்கு உண்டு. சர்க்கரை நோய்க்கு அதன் இலைக் கஷாயத்தைக் குடிக்கும் வழக்கம் ஜமைக்காவிலும் இருந்தது. 1950களில் அங்கிருந்து அனுப்பப்பட்ட இலையைக் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்ல்ஸ் பியரும் சோதித்தார்கள். எலிகளுக்கு இலைச்சாற்றை வாய்வழி கொடுத்தார்கள், சர்க்கரை இறங்கவில்லை. ஊசியாகப் போட்டார்கள், எலிகள் நோய்த்தொற்றில் செத்தன. இரத்தத்தைப் பார்த்தபோது வெள்ளணுக்கள் சரிந்திருந்தன. வெள்ளணுக்களை வீழ்த்தும் அந்தச் சரக்கைப் பிரித்தெடுத்ததில் கிடைத்ததுதான் வின்பிளாஸ்டின். அதே செடியிலிருந்து பின்னால் வின்கிறிஸ்டினும் கிடைத்தது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றளவும் பயன்படும் மருந்து அது.

இந்தக் கதையை எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்? ஒரு செடியை உண்மையிலேயே மதித்தவர்கள் அதைச் சோதித்தார்கள். எதிர்பார்த்த பலன் இல்லை என்று அறிந்தார்கள், எதிர்பாராத பெரும் பலனைக் கண்டார்கள். அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. இது செல் பிரிவதையே தடுக்கும் சரக்கு அடங்கிய செடி. ஐந்து இலையில் அது எவ்வளவு இருக்கும், குடல் வழியாக எவ்வளவு ஏறும், ஏற்கெனவே சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவருக்கு என்ன ஆகும் என்ற கேள்விகளுக்கு என் சார்ட்டில் இடமே இல்லை. ‘பக்க விளைவு இல்லை’ என்று சிவப்பு மையில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன்.

‘இன்சுலின் செடி’ என்று இப்போது ஒவ்வொரு பள்ளித் தோட்டத்திலும் ஒன்று நிற்கிறது. அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இஞ்சி இனத்து உறவுதான். இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டதே 1921இல். அந்தப் பெயரைச் சுமந்து நிற்கும் செடியைப் பாரம்பரிய மூலிகை என்று பலகை எழுதி வைத்திருக்கிறோம்.

‘ஆயிரம் ஆண்டு அனுபவம் பொய்யாகுமா?’ என்று கேட்பார்கள். இது நியாயமான கேள்வி. கோபப்படாமல் பதில் சொல்ல வேண்டியது. அனுபவம் சிலவற்றைத் துல்லியமாகப் பார்க்கும். தின்ற நாழிகையில் வாந்தி வந்தால், பேதி போனால், தோல் தடித்தால், மயங்கி விழுந்தால், தின்றதுதான் காரணம் என்று ஒரே தலைமுறையில் ஊருக்குத் தெரிந்துவிடும். தாராபுரம், மூலனூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கண்வலிக் கிழங்கைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மாநில மலரான செங்காந்தள்தான் அது. பூவுக்குப் பூ கையால் மகரந்தம் தொட்டுவைத்து, விதைக்காகப் பயிர் செய்கிறார்கள். அதிலிருந்து எடுக்கும் கோல்ச்சிசின் கீழ்வாதத்தில் ஒரு வகைக்கு மருந்து. கிழங்கைத் தின்றால் உயிர் போகும் என்பது அங்கே சிறு குழந்தைக்கும் தெரியும். சாவு உடனே வந்ததால் அறிவும் உடனே வந்தது.

பத்து ஆண்டு கழித்து வரும் கேட்டை அனுபவத்தால் பார்க்க முடியாது. கரிசல் வயல்களில் மண்டிக் கிடக்கும் ஆடுதீண்டாப்பாளையையும், வேலிகளில் ஏறும் ஈஸ்வரமூலியையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே பேரினம். இந்தப் பேரினத்துச் செடிகளில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்காக ஒரு மருத்துவமனையில் சீன மூலிகைப் பொடி சாப்பிட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. நூறு பேருக்கு மேல். பின்னால் பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் வந்தது. காரணத்தைத் தேடிப் போனால் ஒரு பெயர்க் குழப்பம் கிடைத்தது. ஒரே மாதிரி ஒலிக்கும் சீனப் பெயர் கொண்ட இரண்டு செடிகளில் ஒன்றுக்குப் பதில் மற்றது பொடியில் சேர்ந்துவிட்டது. சேர்ந்தது ஆடுதீண்டாப்பாளையின் உறவு. இன்று அரிஸ்டோலோகிக் அமிலம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதி செய்யப்பட்டிருக்கிறது. இலையைத் தின்ற அன்று ஒன்றும் தெரியாது. பத்தாம் ஆண்டில் சிறுநீரகம் சுருங்கினால், யார் அந்த இலையை நினைத்துப் பார்ப்பார்கள்? நம் பாட்டிகள் கவனிக்கத் தவறினார்கள் என்று நான் சொல்லவில்லை. எந்தக் கண்ணும் தனியாக நின்று பார்க்கக்கூடிய விஷயம் இல்லை அது.

பெயர்க் குழப்பம் சீனர்களுக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். நிலவேம்பும் சிறியாநங்கையும் ஒன்றே என்பார் ஒருவர், சிறியாநங்கை வேறு செடி என்று பிடுங்கியே காட்டுவார் இன்னொருவர். கீழாநெல்லியின் கதை இன்னும் ஆழம். நம் வரப்பில் முளைப்பதற்கு ஃபில்லாந்தஸ் நிருரி என்று நெடுங்காலம் புத்தகங்களில் பெயர் போட்டிருந்தார்கள். உண்மையான நிருரி அமெரிக்கக் கண்டத்துச் செடி. நம்முடையது ஃபில்லாந்தஸ் அமாரஸ். அதே தோற்றத்தில், இலைக்குக் கீழே காய் தொங்கவிட்டுக்கொண்டு, வேறு சில இனங்களும் அதே வரப்பில் நிற்கும். பிள்ளைகளைப் பரப்பச் சொல்கிறோம். எதைப் பரப்புகிறார்கள் என்று அவர்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

கீழாநெல்லியைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். ஏனென்றால் என்னோடு வாதாடுகிற ஒவ்வொருவரும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறார்கள். ‘மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி கேட்கிறதே, கண்ணால் பார்த்திருக்கிறேனே?’ பார்த்திருப்பார்கள். நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் நம்மூரில் அசுத்தமான தண்ணீரால் வரும் காமாலை பெரும்பாலும் ஏ, ஈ என்ற இரண்டு வைரஸ்களால் வருவது. அநேகம் பேருக்குச் சில வாரங்களில் தானே தணிந்துவிடும். தணிகிற நேரத்தில் எதைத் தின்றாலும் அது மருந்தாகத் தெரியும். தின்றவர்களையும் தின்னாதவர்களையும் அருகருகே வைத்து எண்ணிப் பார்க்காமல் உண்மை தெரியாது. இந்த ஒரு விஷயத்தை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிய வைத்துவிட்டால் போதும், ஆயுள் முழுக்க அது துணை வரும். இன்னொன்று: ஈ வகைக் காமாலை கர்ப்பிணிக்கு வந்தால் உயிருக்கே ஆபத்து. கஷாயம் குடித்துவிட்டு வீட்டில் காத்திருக்கும் நோய் அல்ல.

அப்படி எண்ணிப் பார்த்த வேலை சென்னையிலேயே நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பரூக் புளும்பெர்க்கோடு சேர்ந்து, பி வைரஸை உடம்பில் நீண்டநாள் சுமப்பவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடியை 30 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு இரத்தத்தில் வைரஸ் அடையாளம் மறைந்தது. வெற்றுப் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும் மறைந்தது. 1988இல் லான்செட் இதழில் இது வெளிவந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்து பார்த்தார்கள், அந்தப் பலன் வரவில்லை. செடி வேறா, மண் வேறா, பறித்த பருவம் வேறா, நோயாளிகளுக்குத் தொற்று வந்த வயது வேறா என்று விவாதம் நீண்டது. இந்த முழுக் கதையையும் மேடையில் சொல்லும் பள்ளியை நான் பார்த்ததில்லை. முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இரண்டாம் பாதிமேல்தான் பிரியம். ஒரு செடியை இவ்வளவு பேர் இவ்வளவு அக்கறையாகக் கேள்வி கேட்டது அந்தச் செடிக்குக் கிடைத்த பெருமை.

‘பிள்ளைகள் சளிக்குத் துளசியும் செரிமானத்துக்கு இஞ்சியும்தானே சொல்கிறார்கள், இதற்கு இவ்வளவு பேச்சா?’ என்று ஒரு தலைமை ஆசிரியர் என்னிடம் கேட்டார். சளிக்குத் துளசியோடு நின்றால் நான் பேனா எடுத்திருக்க மாட்டேன். நிற்பதில்லை. எந்த மூலிகைச் சார்ட்டையும் பாருங்கள், சர்க்கரை, புற்றுநோய், வலிப்பு, இதயநோய் எல்லாம் இருக்கும். இந்த நோய்களையெல்லாம் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்யவே கூடாது என்று 1954ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியல் போட்டுத் தடுத்திருக்கிறது. ஒரு வியாபாரி அச்சடித்தால் குற்றமாகும் வரியைச் சீருடை போட்ட பிள்ளையைச் சொல்ல வைக்கிறோம். பிள்ளை சொன்னால் ஊர் நம்பும். அந்த நம்பிக்கைதான் எனக்குப் பயம் தருகிறது.

பாம்புக்கடியும் அந்தச் சார்ட்டில் இருக்கும். சிறியாநங்கை இலையை மெல்லக் கொடு, கசந்தால் விஷம் ஏறவில்லை, இனித்தால் ஏறிவிட்டது. கிராமத்தில் இதைக் கேட்காமல் வளர்ந்தவர் யாரும் இல்லை. நம் ஊர்ப் பாம்புகளில் பெரும்பாலானவை விஷமற்றவை. விஷப் பாம்பு கடித்தாலும் சில சமயம் விஷம் இறங்காது. அப்போதெல்லாம் இலை பிழைக்க வைத்ததாகப் பெயர் வாங்கிக்கொள்கிறது. கட்டுவிரியன் கடித்தால் வலியோ வீக்கமோ அவ்வளவாக இருக்காது. இலையைச் சுவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் மூச்சுத் தசைகள் ஓய்ந்து போகலாம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நான்குக்கும் சேர்த்து விஷமுறிவு ஊசி இருக்கிறது. அந்த ஊசிக்கு வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்கள் யார்? மாமல்லபுரம் போகும் வழியில், வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் கூட்டுறவுச் சங்கத்தின் இருளர்கள். பச்சிலை அறிவில் அவர்களை விஞ்ச இந்த மாநிலத்தில் ஆள் குறைவு. செடி அறிந்த கையேதான் பாம்பைப் பிடித்து விஷத்தை எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறது. மரபு ஒரு பக்கம், அறிவியல் ஒரு பக்கம் என்று கோடு போட்டது அவர்கள் அல்ல. நாம்தான்.

இவ்வளவையும் சொன்னால் ஒரு குற்றச்சாட்டு வரும். 2017இல் டெங்குக் காலத்தில் நிலவேம்புக் குடிநீரை ஆராய்ந்துவிட்டுக் கொடுக்கலாமே என்று கேட்டவர்கள் மேலும் அது வந்தது: இவன் மருந்துக் கம்பெனிகளின் ஆள், மரபைக் காட்டிக்கொடுப்பவன். மரபை யார் காப்பாற்றினார்கள் என்று பார்ப்போம். காயம் ஆற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். நம் நாட்டு அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுமம் அதை எதிர்த்தது. எங்கள் பாட்டிக்கு இது தெரியும் என்று கோஷம் போட்டு அந்த வழக்கை வென்றிருக்க முடியாது. பழைய நூல்கள், மருத்துவ இதழ்க் கட்டுரை என்று 32 எழுத்துச் சான்றுகளை வைத்தார்கள். 1997இல் காப்புரிமை ரத்தானது. சீனாவின் தூ யூயூ மலேரியாவுக்கு மருந்து தேடியபோது, ஆயிரத்து அறுநூறு ஆண்டுக்கு முந்திய ஒரு மருத்துவ நூலில், செடியைக் கொதிக்க வைக்காமல் நீரில் ஊறவைத்துப் பிழியும் முறை இருந்ததைக் கவனித்தார். சூடு படாமல் சாறு எடுத்துப் பார்த்ததில் 1971இல் வழி திறந்தது. 2015இல் நோபல் பரிசு. அன்று யாரோ ஒருவர் ‘இந்தச் செடி காய்ச்சலுக்கு நல்லது’ என்று மட்டும் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. எப்படி ஊறவைப்பது, எவ்வளவு தண்ணீர் என்று எழுதி வைத்தார்.

நம் பிள்ளைகள் செய்ய வேண்டிய வேலை அதுதான், எழுதி வைப்பது. குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 முதல் நாடு முழுவதும் நடக்கிறது. பத்து முதல் பதினேழு வயதுப் பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து சொந்த ஊரையே ஆராயலாம். பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின்படி ஒவ்வொரு ஊராட்சிக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்க வேண்டும். அதை நிரப்ப, ஊரை அறிந்த பிள்ளைகளைவிடத் தகுந்தவர் யார்? செடியைப் பூவோடு காயோடு பறித்து, செய்தித்தாளில் வைத்து அழுத்தி உலர்த்தி, ஊர்ப் பெயர் எழுதி, கல்லூரி உலர்தாவரச் சாலைக்குக் கொண்டுபோய் இனம் கண்டறியலாம். சொன்னவர் யார், அவரிடம் அனுமதி கேட்டோமா என்று குறிக்கலாம். 1987இல் அகத்திய மலையில் காணிக்காரப் பழங்குடியினர் தின்ற ஆரோக்கியப்பச்சைக் காயைப் பற்றித் தாவரவியல் ஆய்வாளர்கள் அவர்களிடமே கேட்டறிந்தார்கள். மருந்தாக்கி உரிமம் கொடுத்தபோது, வந்த பணத்தில் பாதியைக் காணிக்காரர்களுக்கென்று ஒதுக்கினார்கள். அந்த ஏற்பாட்டிலும் குறைகள் உண்டு. ஆனாலும் கேட்டவர் சொன்னவரை மறக்கவில்லை. நம் சார்ட்டுகளில் சொன்னவர் பெயர் எங்கே இருக்கிறது?

பரப்புவதை நிறுத்திவிட்டு இந்த வேலைக்கு என் பிள்ளைகளை அனுப்பத் தொடங்கிய முதல் ஆண்டு நடந்ததைச் சொல்ல வேண்டும். ஊர்க் கடைசியில் பச்சிலை கொடுக்கும் ஓர் அம்மாவிடம் போனார்கள். நோட்டில் செடியின் பெயரை எழுதிக்கொண்டு, "இது என்ன நோய்க்குங்க பாட்டி?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் பதிலுக்கு, "யாருக்குன்னு சொல்லு கண்ணு மொதல்ல" என்றாராம். கைக்குழந்தைக்கா, பிள்ளை பெற்றவளுக்கா, வயசானவருக்கா. சோறு தின்றவருக்கா, பட்டினி கிடப்பவருக்கா. அவர் கொடுக்க மறுத்த ஆட்களின் பட்டியல் கொடுத்த ஆட்களின் பட்டியலைவிட நீளமாக இருந்தது. அன்றிரவே நோட்டில் புதிதாக ஒரு பத்தி கோடு போட்டோம்: யாருக்குக் கொடுக்கக் கூடாது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று: யார் சொன்னது.

அந்த நோட்டோடு பிள்ளைகள் எங்கள் பள்ளியைச் சுற்றியிருந்த நான்கு தெருக்களில் வீடு வீடாகப் போனார்கள். நித்தியகல்யாணி இலை தின்பவர்கள் ஏழு வீடுகளில் இருந்தார்கள். இரண்டு வீட்டில் சர்க்கரை மாத்திரையை நிறுத்தியிருந்தார்கள். ‘யார் சொன்னது’ என்ற பத்தியில், ஏழில் ஐந்து வீட்டுக்கு நேராக, பிள்ளைகள் கேட்டதைக் கேட்டபடியே எழுதி வந்திருந்தார்கள்: "உங்க ஸ்கூல் பிள்ளைங்கதான் சொன்னாங்க."